வரிகளுக்கு வெளியே எழுதியது

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேஜைமேல் இருந்த போர்டில் ரிலே என்கிற குட்டி சுவிட்ச் யாரும் பட்டனைத் தொடாமலே 'டக்'கென்று அடித்தது. மாரிசெல்வி கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். பிறகு கேபிளை விரலால் லேசாகத் தொட்டாள். மறுபடியும் 'டக்'.

தேவ்நாரில் ஒரு தொழிற்பேட்டையின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர். சின்னப் பட்டறைகளில் ஓடும் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுப்பது தொழில். முதலாளி பஞ்சு, மாட்டுங்காக்காரர், அறுபதை நெருங்குபவர். போர்டில் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது மாரிசெல்வியின் வேலை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். டிப்ளமா முடித்து இங்கே சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மேஜைமேல் இருந்தது தோல் வெட்டும் பிரஸ்ஸுக்கான போர்டு. பர்ஸ், பெல்ட், பை செய்கிற கார்கானாக்களில் அந்த பிரஸ் இருக்கும். தோலை விரித்து, அதன்மேல் இரும்பு அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பச்சைப் பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால் மேலிருந்து கனமான தட்டு இறங்கி அச்சை அமுக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் தட்டு இறங்கும் என்பதால் கை தட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ள வழியில்லை. அந்தப் போர்டின் உயிரே அதுதான். ரிலே அடித்தால் தட்டு இறங்குகிறது என்று அர்த்தம்.

இரண்டு பட்டனுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு வயர் போகும். அதை அவள் இன்னும் முடுக்கவில்லை; நழுவி வெளியே கிடந்தது. பொதுவயர் இல்லாவிட்டால் எந்தப் பட்டனும் வேலை செய்யக்கூடாது. ரிலே செத்த மாதிரி கிடக்க வேண்டும். அவள் மேஜை விசிறியைப் போட்டாள். விசிறி சுற்றத் தொடங்கியதும், அவள் எதையும் தொடாமலே, ரிலே மூன்று முறை அடித்தது.

இது ஏன் நடக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். நடக்காமல் பார்த்துக்கொண்டதே அவள்தான்.

சிப்பின் கம்பிக் கால் ஒன்றுக்கு வரும் வயர் அறுந்துபோனால் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் ஓடும் மோட்டார், தொடுகிற கை, எதன் சலனத்தையும் பட்டன் அழுத்தப்பட்டதாக அது எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க சிப்புக்குள்ளேயே வசதி உண்டு. வயர் இல்லாத காலைப் பூஜ்யத்தில் இழுத்துப் பிடித்து வைக்கச் சொல்லலாம். புரோகிராமில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். போன வருஷம் அவள் அதை மாற்றியிருந்தாள். இப்போது திறந்து பார்த்தபோது அந்த இடத்தில் பழைய சொல்லே இருந்தது. 'இதை யாரும் மாற்றாதீர்கள்' என்று பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்த குறிப்பும் இல்லை.

அவள் எழுந்து அடுத்த மேஜைக்குப் போனாள். மாதவ் அங்கே உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன இன்ஜினியர். எத்தனை துண்டு வெட்டியிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் சின்னத் திரையைப் புதிதாகச் சேர்த்தது அவன்தான்.

"கவுன்டருக்காக நீ திரும்ப ஜெனரேட் பண்ணியா?"

"ஆமாக்கா. ரெண்டு கால் புதுசா வேணும்ல. படத்துல சேத்துட்டு ஜெனரேட் குடுத்தேன். பட்டன் பக்கம் நான் போகவே இல்ல."

அவன் சொன்னது உண்மை. இந்த மாதிரி சிப்புக்கு ஆரம்ப வேலைகளை யாரும் கையால் எழுதுவதில்லை. திரையில் சிப்பின் படம் வரும். எந்தக் கால் எதற்கு என்று படத்தில் குறித்துவிட்டு 'ஜெனரேட்' என்ற பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டரே நூற்றுக்கணக்கான வரிகளை எழுதிக் கொடுத்துவிடும். எழுதும்போது நடுநடுவே இடம் விட்டிருக்கும். 'உங்கள் புரோகிராம் இங்கே ஆரம்பம்' என்று ஒரு வரி, 'இங்கே முடிவு' என்று ஒரு வரி. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நாம் எழுதுவதை அது தொடாது. வெளியே எழுதிய எதையும் அடுத்த முறை எழுதும்போது கேட்காமல் அழித்துவிட்டுப் படத்தில் இருப்பதைப் போட்டுவிடும்.

மாரிசெல்வி வெளியேதான் எழுதியிருந்தாள். போன வருஷம், வாங்குகிறவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்க, பஞ்சு பக்கத்தில் கடிகாரத்தைப் பார்க்க, அவசரத்தில் புரோகிராமுக்குள் போய் அந்தச் சொல்லை மாற்றி, வயரைப் பிடுங்கிக் காட்டினாள். தட்டு அசையவில்லை. எல்லாருக்கும் திருப்தி. படத்திலும் மாற்றிவிடலாம், நாளைக்கு, என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

மாதவ் பழைய புரோகிராமையும் புதிய புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தான். மாறிய வரிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பதினெட்டாவதாக அந்தச் சொல். தான் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். கம்ப்யூட்டர் எழுதியதுதானே என்று விட்டுவிட்டானாம். வயரைப் பிடுங்கிப் பார்க்கிற சோதனையும் அவனுடைய லிஸ்டில் இல்லை. அவள் அதை எந்த லிஸ்டிலும் எழுதி வைத்ததில்லை.

"எத்தன போர்டு போயிருக்கு?" என்றாள்.

"ஒம்பது. போன வியாழக்கிழம மாட்டினாங்க."

ஒன்பதும் ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருந்தன. பட்டன் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒவ்வொரு அடிக்கும் அதிரும். மடிகிற இடத்தில் முதலில் நைந்து அறுவது அந்தப் பொதுவயர்தான். பழைய போர்டுகளில் அது அறுந்தால் மெஷின் நின்றுவிடும், போன் வரும், ஆள் போய் மாற்றிவிட்டு வருவார். இப்போது அறுந்தால் மெஷின் நிற்காது.

பஞ்சுவின் அறைக்குள் போய் இருவரும் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், உடனே எல்லாருக்கும் போன் போட்டு மெஷினை நிறுத்தச் சொல்லும்படி சொன்னார். அவள் கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"என்ன ஏதுன்னு விவரமெல்லாம் சொல்லண்டாம், கேட்டியோ. ஒரு அப்டேட் போடணும், அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வைங்கோன்னு சொல்லு. அது போதும்."

அவள் அப்படித்தான் ஆரம்பித்தாள். கோவண்டியில் இருந்தவர் சரி என்றார். கோபர்கைரனேயில் இருந்தவர் சாயங்காலம் பார்க்கலாம், இப்போது வெட்டிய மால் அனுப்ப வேண்டும் என்றார். அப்டேட்தானே, அப்படி என்ன அவசரம் என்று சிரித்தார். மாரிசெல்வி பஞ்சுவின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, வயர் அறுந்தால் தட்டு தானாக இறங்கும், கை போய்விடும், இந்த நிமிஷமே மெயினை அணையுங்கள் என்றாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நிற்பது போனிலேயே கேட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் அவள் அப்டேட் என்று சொல்லவில்லை.

ஏழு பேர் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. இரண்டும் தாராவி. ஷரீஃபுன்னிசா என்கிற அம்மாள் நடத்தும் பை கார்கானா ஒன்று, பிரம்மநாயகம் அண்ணாச்சியின் பெல்ட் கார்கானா ஒன்று. மாதவ் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருப்பது, அவள் நேரில் போவது என்று முடிவாயிற்று. லேப்டாப்பைக்கூட எடுக்காமல் அவள் கோவண்டி ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவரை நின்றுகொண்டே போனாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாதவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை அக்கா, எடுக்கவில்லை அக்கா என்றே சொன்னான். குர்லாவில் பாலம் ஏறி இறங்கி ஸ்லோ வண்டி பிடித்தாள். சயானில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. வெயிலில், கூட்டத்தில், கைவண்டிகளுக்கு நடுவே தொண்ணூறடி ரோட்டில் ஓடினாள். சிறு வயதிலிருந்து நடந்த ரோடு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

ஷரீஃபுன்னிசாவின் கார்கானா ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலேயே பிரஸ் ஓடும் சத்தம் கேட்டது. தம், தம் என்று சீராக. அவள் உள்ளே நுழைந்தபோது சத்தம் நின்றிருந்தது. மெஷின்முன் உட்கார்ந்திருந்த ஆள், தட்டுக்கு அடியில் இடது கையை முழங்கைவரை விட்டு, அச்சில் ஒட்டிக்கொண்ட தோலை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அது சுடலைக்கண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இதே வேலை. பழைய போர்டு மாட்டியபோது அவளுக்குப் பழக்கம்.

கூப்பிட்டால் அவர் திரும்புவார், முழங்கை கேபிளில் இடிக்கும் என்று தோன்றியது. அவள் கூப்பிடவில்லை. சுவரை ஒட்டி இரண்டு தையல் மெஷினைத் தாண்டிப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். விளக்கு, விசிறி, எல்லாம் அணைந்தன. மேலே பரணில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தியில் திட்டினார்கள்.

சுடலைக்கண்ணன் கையை வெளியே எடுத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தாயி, என்னத்துக்கு அணைச்சே? ஆர்டர் நிக்கி."

"அண்ணாச்சி, மெஷின் ஏதாவது கோளாறு செஞ்சுதா?"

"கோளாறுன்னு இல்ல. காலையில இருந்து பட்டன் சரியா எடுக்க மாட்டேங்கு. கேபிள ரெண்டு ஆட்டு ஆட்டுனா எடுக்கும்."

பொதுவயர் அறுந்துகொண்டிருந்தது. உள்ளே ஓரிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சத்தம் கேட்டு ஷரீஃபுன்னிசா மாடியிலிருந்து ஏணியில் இறங்கி வந்தார். போன் சார்ஜில் கிடந்ததாம், பார்க்கவில்லை. நாளை மறுநாள் மால் போக வேண்டும், இப்போது எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டார். மாரிசெல்வி இந்தியில் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டனைத் தொடாமல் மெஷின் எப்படி ஓடும் என்றார். சுடலைக்கண்ணனும் அதையேதான் கேட்டார்.

அவள் எல்லாரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னாள். தட்டுக்கு அடியில், அச்சுக்குக் கீழே, மெஷினுக்கு முட்டுக் கொடுக்க அங்கே வைத்திருந்த ஒரு மரக்கட்டையை வைத்தாள். மெயினைப் போட்டாள். பட்டன் பெட்டிக்கு யாரும் பக்கத்தில் இல்லை. அவள் எட்டி நின்று கேபிளை மடிப்பில் பிடித்து ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். ஒன்றும் இல்லை. ஷரீஃபுன்னிசா வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார். மூன்றாவது முறை ஆட்டியபோது தட்டு இறங்கியது. கட்டை பிளந்து ஒரு சில்லு பறந்து சுவரில் அடித்தது. அச்சு மரத்துக்குள் விரல்கடை ஆழம் இறங்கியிருந்தது.

அவள் மெயினை அணைத்தாள். சுடலைக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில இருந்து எத்தன தடவ உள்ள விட்டிருப்பேன்," என்றார் மெதுவாக.

ஷரீஃபுன்னிசா தன் கையாலேயே பியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அங்கிருந்து மாரிசெல்வி ஓட்டமும் நடையுமாகக் கிராஸ் ரோட்டுக்குப் போனாள். வழியில் மாதவ் போன் செய்தான். பிரம்மநாயகம் இன்னும் எடுக்கவில்லை.

பெல்ட் கார்கானாவில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் பட்டனில் இருந்த நேரம் பார்த்து அவள் மெயினை அணைத்தாள். பிரம்மநாயகம் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். இரண்டும் சைலன்ட்டில் இருந்தன. அவளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"வேல்ராஜ் அண்ணன் எங்க?" என்றாள். அந்த பிரஸ்ஸில் எப்போதும் இருப்பது வேல்ராஜ்தான்.

பிரம்மநாயகம் முகத்தைச் சுளித்தார். சனிக்கிழமை மத்தியானம் வேல்ராஜ் கையைக் கொடுத்துவிட்டானாம். இடது கையில் இரண்டு விரல், நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிவிட்டார்கள். கை உள்ளே இருக்கும்போது பட்டனை அழுத்தியிருக்கிறான், என்ன ஞாபகத்தில் இருந்தானோ என்றார். இனிமேல் மெஷின் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மாரிசெல்வி பட்டன் பெட்டியைப் பார்த்தாள். கேபிளின் மடிப்பில் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது யாரு சுத்துனது?"

"நம்ம எலக்ட்ரீசியன். அன்னைக்கே பாத்தான். வயரு ஒண்ணு அறுந்து கெடந்துச்சு. முறுக்கி விட்டான்."

"அண்ணாச்சி, அறுந்த வயரப் பாத்தும் வேல்ராஜ் அண்ணன் மேல எப்படி..."

"அவனும் அதத்தான் சொன்னான். நான் அழுத்தவே இல்ல, மெஷின் தானா எறங்கிட்டுன்னு. வயரு அறுந்தா மெஷின் நிக்கத்தான செய்யும்? நீதானம்மா போன வருஷம் எல்லாருக்கும் முன்னால பிடுங்கிக் காட்டுன. அப்போ அவன் அழுத்தாம எப்படி எறங்கும்? அடி விழுந்த அதிர்ச்சில பொறவு அறுந்திருக்கும்."

அவள் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் அந்த ஆளைப் பொய்யன் ஆக்கியிருந்தார்கள்.

வெளியே வந்து பஞ்சுவுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்துவிடும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "ஆனா நம்ம போர்டாலதான்னு உன் வாயால சொல்லிடாதே. ஒரு தடவ சொல்லிட்டா அது ஊரெல்லாம் போயிடும். எட்டுப் பேரோட பொழைப்பு இருக்கு. நீ யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். சந்து முனையில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றன. யோசிக்க அதிகம் இருக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டால் கை ஆறிவிடும். ஆனால் வேல்ராஜ் சாகிறவரை, தன் விரலைத் தானே நசுக்கிக்கொண்ட கவனமில்லாத ஆளாகத்தான் இந்தச் சந்தில் நடமாட வேண்டும். வேறு கார்கானாவிலும் அவனுக்கு மெஷின் கொடுக்க மாட்டார்கள்.

அவள் திரும்ப உள்ளே போனாள். பிரம்மநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் பிடுங்கிக் காட்டியது பழைய புரோகிராம் என்றும், புதியதில் அந்தப் பாதுகாப்பு அழிந்துபோனது என்றும், அழிகிற இடத்தில் எழுதி வைத்தது தான்தான் என்றும் சொன்னாள். அவர் நடுவில் இரண்டு முறை கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபின் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேல்ராஜை என்னவெல்லாம் பேசிவிட்டேன் என்றோ வேறு எதுவோ முனகினார். அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

வேல்ராஜின் வீடு இரண்டு சந்து தள்ளி, மாடி அறை. இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டும். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டுவரை கட்டு. அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அதை மடியில் போட்டபடி வாயை மட்டும் திறந்தான்.

மாரிசெல்வி யாரென்று அவனுக்குத் தெரிந்தது. போர்டுக்காரப் பொண்ணு என்று மனைவியிடம் சொன்னான். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த விளக்கங்கள் எதுவும் மாரிசெல்விக்கு வரவில்லை.

"அண்ணே, நீங்க பட்டன அழுத்தல," என்றாள். "மெஷின் தானாத்தான் எறங்குச்சு. அது எங்க தப்பு. நான் செஞ்ச தப்பு."

வேல்ராஜ் அவளையே பார்த்தான்.

"நான் அழுத்தல," என்றான்.

"இல்லண்ணே."

"நெசமாவா?"

"நெசமா. இப்பத்தான் இன்னொரு கார்கானால அதே மாதிரி எறங்கிச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தானாம். முதல் நாள் தான் அழுத்தவில்லை என்று உறுதியாகத் தெரிந்ததாம். எல்லாரும் சொல்லச் சொல்ல, இரண்டாம் நாள் சந்தேகம் வந்துவிட்டதாம். நேற்று ராத்திரி, தான் வலது கையால் பட்டனை அழுத்துவது போலவே கண்முன் தெரிந்ததாம். "ஒரு கையால அழுத்துனா எறங்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிஞ்சுது. அப்படியே அழுத்துற மாதிரி."

அவன் மனைவி மாரிசெல்வியைப் பார்த்து, "ஒங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு."

"சனிக்கிழம தெரிஞ்சிருந்தா?"

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். உட்காருங்கள் என்றோ போய்விட்டு வாருங்கள் என்றோ சொல்லவில்லை.

ஏணியில் இறங்கப் போனபோது வேல்ராஜ் கூப்பிட்டான். தன்னிடம் மட்டும் சொன்னால் போதாது, கார்கானாவில் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்றான். அவள் சரி என்றாள். எழுதியும் தர வேண்டும் என்றான். அதற்கும் சரி என்றாள்.

சாயங்காலம் ஆபீஸுக்குத் திரும்பியபோது மாதவ் போகாமல் காத்திருந்தான். போனிலேயே நிறுத்திய ஏழில் தாராவிக்கு வெளியே இருந்த நாலு போர்டையும் தானே நேரில் போய்க் கழற்றிக் கொண்டுவந்துவிட்டான். வேல்ராஜைப் பற்றிச் சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ஜெனரேட் குடுத்தது நான்தானே அக்கா என்றான். அழியும் இடத்தில் எழுதியது நான் என்று அவள் சொன்னாள். யார் எவ்வளவு என்று பங்கு போட அவர்களுக்கு நேரமில்லை.

இருவரும் வேலையில் உட்கார்ந்தார்கள். முதலில் படத்திலேயே பட்டன்களுக்கான இரண்டு காலையும் பூஜ்யத்துக்கு இழுக்கும்படி குறித்தார்கள். இனி எத்தனை முறை எழுதினாலும் அதுவே வரும். பிறகு, 'ஆரம்பம்', 'முடிவு' என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே, போர்டு உயிர் பெற்றதும் அந்த அமைப்பைத் தானே படித்துப் பார்த்து, சரியாக இல்லாவிட்டால் பிரஸ்ஸை ஓடவே விடாதபடி இன்னொரு காவல் எழுதினார்கள். அப்போதும் மாரிசெல்விக்கு மனம் ஒப்பவில்லை. புரோகிராமை நம்பவே வேண்டாம் என்று, போர்டிலேயே அந்தக் கால்களைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் இரண்டு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். மாதவ் ஐந்து முறை வேண்டுமென்றே ஜெனரேட் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மாறிய வரிகளை வாய்விட்டுப் படித்தான்.

பஞ்சு தன் அறையில்தான் இருந்தார். அவள் கம்பெனித் தாளில் ஒரு கடிதம் அடித்து அவர்முன் வைத்தாள். வேல்ராஜுக்கு நேர்ந்தது அவருடைய கவனக்குறைவால் அல்ல, தங்கள் போர்டில் இருந்த தவறால் என்றும், அந்தத் தவறைச் செய்த ஊழியர் தான்தான் என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் தன் பெயரில் மட்டும் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து, ஊழியரைப் பற்றிய வரியை அடித்தார். மேலே, 'எங்கள் கம்பெனியின் தவறு' என்று எழுதினார்.

"உன் பேரை எதுக்கு எழுதறாய்? போர்டுல கம்பெனி பேருன்னா இருக்கு," என்றார். "திரும்ப அடிச்சுண்டு வா. நானும் நாளைக்கு வரேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு பிரம்மநாயகத்தின் கார்கானாவில் எல்லா மெஷினும் நின்றது. பதினோரு பேர் சுற்றி நின்றார்கள். அந்தப் புதிய ஆளும், டேப் சுற்றிய எலக்ட்ரீசியனும் இருந்தார்கள். வேல்ராஜ் சுத்தமான சட்டை போட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றான். மாரிசெல்வி சொன்னாள். தமிழில் ஒருமுறை, தமிழ் தெரியாதவர்களுக்காக இந்தியில் ஒருமுறை. பஞ்சு கடிதத்தை நீட்டினார். வேல்ராஜுக்குத் தமிழ் படிக்க அவ்வளவாக வராது. பிரம்மநாயகம் வாங்கி உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் மடித்து வேல்ராஜின் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"நான் பேசுனது தப்புலே," என்றார். "கட்டு பிரிச்சதும் வா. மெஷின் ஒனக்குத்தான்."

வேல்ராஜ் பிரஸ்ஸைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா அதுல உக்கார மாட்டேன். பேஸ்டிங்ல போடுங்க."

பேஸ்டிங் மேஜையில் பசை தடவி ஒட்டுகிற வேலை, சம்பளம் குறைவு. பழைய சம்பளமே கிடைக்கும் என்று பிரம்மநாயகம் சொன்னார். அது எல்லாருக்கும் முன்னால் சொன்னது என்பதால் வேல்ராஜ் தலையாட்டினான். கை ஆறும்வரை ஆகிற செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் கம்பெனி ஏற்கும் என்று பஞ்சு சொன்னார். அதற்கு வேல்ராஜ் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மாரிசெல்வி புதிய போர்டை மாட்டி முடித்து வெளியே வந்தபோது அவன் இன்னும் சந்தில்தான் நின்றுகொண்டிருந்தான். சுற்றி நாலைந்து பேர். மறுபடியும் மறுபடியும் அதையே கேட்கிறார்கள், அவனும் அதையே சொல்கிறான். கையை எங்கே வைத்திருந்தான், தட்டு எப்படி இறங்கியது, எல்லாம். வலது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அவளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினான். அவள் கடந்து போக வழிவிட்டு நகர்ந்தான். அவள் சந்து முனையைத் தாண்டும்போது, விட்ட இடத்திலிருந்து அவன் மறுபடியும் சொல்லத் தொடங்குவது கேட்டது.